கெர்னல் யூனிட் டெஸ்ட்டில் வரும் வார்னிங்குகளைச் சரிசெய்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் கெர்னலின் டெஸ்ட் கோடில் வரும் கம்பைலர் வார்னிங்கைப் பலரும் சில்லறை வேலையாகவே நினைக்கிறார்கள். டெஸ்ட்தானே, யார் கம்ப்யூட்டரிலும் ஓடப்போவதில்லையே, ஏதாவது ஒரு காஸ்ட் (வகை மாற்றம்) போட்டு வாயை அடைத்துவிட்டால் போதும் என்று. என் கருத்து நேர் எதிரானது. சாதாரண கோடில் வரும் வார்னிங் ஒரு பிழை இருக்கலாம் என்று சொல்கிறது. டெஸ்ட்டில் வரும் வார்னிங்கோ, பிழையைக் கண்டுபிடிக்க வேண்டிய கருவியே வேலை செய்யாமல் இருக்கலாம் என்று சொல்கிறது. கடலூர் துறைமுகத்தில் முள் ஒட்டிக்கொண்ட தராசில் மீன் நிறுத்தால் எந்தக் கூடைக்கும் ஒரே எடைதான் காட்டும். பச்சையாக 'பாஸ்' காட்டிக்கொண்டே எதையும் சோதிக்காத டெஸ்ட்டும் அப்படித்தான்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் கெர்னலுக்குப் பங்களிக்க ஆசைப்படும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். சி மொழி ஓரளவு தெரிந்திருந்தால் போதும். கட்டளைகளையும் பெயர்களையும் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்திலேயே தட்டுங்கள்.

கேயூனிட் பற்றிச் சுருக்கமாக

கெர்னலுக்குள்ளேயே இருக்கும் யூனிட் டெஸ்ட் அமைப்பின் பெயர் கேயூனிட். கூகுளில் இருந்தபோது பிரெண்டன் ஹிக்கின்ஸ் தொடங்கியது. 2020 ஜனவரியில் வந்த 5.5 பதிப்பிலிருந்து கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. இதன் பெரிய வசதி, கெர்னலை ஒரு சாதாரண புரோகிராம் மாதிரி உங்கள் லினக்ஸிலேயே ஓட்டும் யூசர் மோட் லினக்ஸ் மேல் இது ஓடுவதுதான். தனி மெஷின் வேண்டாம், ரீபூட் வேண்டாம். 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பே தாராளம்.

ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒரு ஃபங்ஷன். அதற்குள் எக்ஸ்பெக்ட் அல்லது அசர்ட் என்று தொடங்கும் மேக்ரோக்கள் இருக்கும். எக்ஸ்பெக்ட் தோற்றாலும் டெஸ்ட் தொடரும். அசர்ட் தோற்றால் அங்கேயே நின்றுவிடும். அந்த ஃபங்ஷன்களை கேயூனிட்_கேஸ் மேக்ரோவால் ஒரு பட்டியலில் சேர்த்து, பட்டியலை சூட் எனப்படும் ஒரு தொகுப்பில் வைத்துப் பதிவு செய்வார்கள். இந்தப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மெஷினைத் தயார் செய்தல்

டெபியன் அல்லது உபுண்டுவில் ஜிசிசி, மேக், ஃப்ளெக்ஸ், பைசன், பிசி (கணக்குப் போடும் சின்னக் கருவி), பைத்தான் 3, கிட் ஆகியவற்றை நிறுவுங்கள். கிளாங் (இன்னொரு சி கம்பைலர்), எல்எல்டி (அதோடு பயன்படும் லிங்கர்) இரண்டையும் கூடவே போட்டுவிடுங்கள், நிச்சயம் தேவைப்படும். பிறகு கெர்னல் மூலக்கோடைக் குளோன் செய்ய வேண்டும். பழகிப் பார்க்க மட்டும் என்றால் ஆழம் 1 என்று கொடுத்துச் சுருக்கமாக இறக்கலாம். பேட்ச் (கோடில் செய்த மாற்றத்தைச் சொல்லும் கோப்பு) அனுப்பும் எண்ணம் இருந்தால் முழு வரலாறும் வேண்டும். ஒரு வரியை எந்த கமிட் (கிட்டில் பதிவான மாற்றம்) கொண்டுவந்தது என்று கிட் பிளேமில் தேடவேண்டி வரும். பல ஜிபி இறங்கும் என்பதால் இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

மூலக்கோடின் மேல் அடைவிலிருந்து, டூல்ஸ் / டெஸ்டிங் / கேயூனிட் அடைவில் உள்ள கேயூனிட்.பை என்ற ஸ்கிரிப்டை 'ரன்' என்று ஓட்டினால் அதுவே கான்ஃபிக் எழுதி, கம்பைல் செய்து, டெஸ்ட்டை ஓட்டி, முடிவைக் காட்டும். எல்லாம் .கேயூனிட் என்ற தனி அடைவில் நடக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் கரண்ட் போவது சகஜம். கம்பைல் நடுவில் நின்றால் திரும்ப அதே கட்டளையைக் கொடுங்கள், விட்ட இடத்திலிருந்து போகும். டெஸ்க்டாப் பட்டென்று அணைந்திருந்தால் மட்டும் ஒரு சிக்கல் வரலாம்: பாதி எழுதிய ஆப்ஜெக்ட் கோப்பு காலியாகக் கிடக்கும், லிங்கர் புரியாத பிழை தரும். அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும்.

வார்னிங்கை வெளியே கொண்டுவருதல்

சாதாரணமாகக் கம்பைல் செய்தால் எல்லா வார்னிங்கும் வராது. கெர்னலின் மேக்ஃபைல் பலவற்றை அணைத்தே வைத்திருக்கிறது. கூடுதல் வார்னிங்குகளுக்கு டபிள்யூ=1 என்று கொடுக்க வேண்டும். கேயூனிட்.பை-க்கு இதை 'மேக் ஆப்ஷன்ஸ்' என்ற தேர்வு வழியாக அனுப்பலாம். கிளாங்கில் கம்பைல் செய்ய அதே வழியில் எல்எல்விஎம்=1 என்று கொடுங்கள். கம்பைலரை மாற்றும்போது பில்ட் அடைவையும் வேறாகக் கொடுத்துவிடுங்கள். பில்ட்_டிர் என்ற தேர்வு அதற்குத்தான். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து கம்பைல் செய்துகொண்டிருப்பீர்கள்.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் தடவை வார்னிங் வந்தது, இரண்டாம் தடவை ஓட்டினால் காணோம். சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கோப்பு மாறாததால் மேக் அதைத் திரும்பக் கம்பைல் செய்யவில்லை, அவ்வளவுதான். டச் கட்டளையால் கோப்பின் நேரத்தைப் புதுப்பித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். வார்னிங்குகளை ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். திருத்தத்துக்கு முன், பின் என்று ஒப்பிட அது வேண்டும்.

மூன்று விதமாகக் கம்பைல் செய்து பார்ப்பது என் வழக்கம்: ஜிசிசி-யில் 64 பிட், கிளாங்கில் 64 பிட், அப்புறம் ஆர்ச் என்ற தேர்வில் ஐ386 கொடுத்து 32 பிட். கடைசியில் சொன்னதை ஓட்டத்தான் கியூஈஎம்யூ (வேறொரு மெஷினைப் போல நடிக்கும் மென்பொருள்) வேண்டும். வார்னிங் பார்க்க மட்டும் என்றால் 'ரன்' இடத்தில் 'பில்ட்' போட்டால் போதும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், 2021-ல் 5.15 பதிப்பில் வெர்ரர் என்ற கான்ஃபிக் வந்தது. அது இயங்கினால் ஒரே ஒரு வார்னிங்கும் முழு பில்ட்டையும் நிறுத்திவிடும். எல்லாவற்றையும் மாட்யூலாகக் கம்பைல் செய்யும் ஆல்மாட்கான்ஃபிக்கில் அது தானாகவே இயங்குகிறது. உங்கள் டெஸ்ட்டில் இருக்கும் ஒரு வார்னிங்கால் சம்பந்தமே இல்லாத ஒருவரின் பில்ட் உடையும்.

வார்னிங் வரியைப் படிக்கும் முறை

கோப்பின் பெயர், வரி எண், எழுத்து நிலை, செய்தி, கடைசியில் சதுர அடைப்புக்குள் எந்தக் கொடி அந்த வார்னிங்கைக் கிளப்பியது என்ற பெயர். அந்தக் கொடியின் பெயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எந்த வகை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேயூனிட்டில் ஒரு தொந்தரவு, வார்னிங் மேக்ரோவுக்குள்ளிருந்து வரும். ஒரு வார்னிங்குக்குக் கீழே 'இந்த மேக்ரோவின் விரிவாக்கத்தில்' என்று நான்கைந்து குறிப்புகள் தொங்கும். கேயூனிட்டின் ஹெடர் கோப்புப் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். அந்தக் குறிப்புகளில் உங்கள் டெஸ்ட் கோப்பின் பெயர் வரும் வரியைத் தேடுங்கள். வேலை அங்கேதான்.

வகை 1: பயன்படுத்தாத ஃபங்ஷன், பயன்படுத்தாத வேரியபிள்

இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். டெஸ்ட் கோடில் இதைவிட முக்கியமான வார்னிங் இல்லை என்று நினைக்கிறேன்.

பயிற்சிக்காக நாங்கள் வைத்திருக்கும் சின்ன மாட்யூல் ஒன்றின் பெயர் கெடிலம். ஒரு வளைய பஃபர். எண்களைப் போடலாம், எடுக்கலாம், கடைசி இடம் நிறைந்ததும் முதல் இடத்துக்குத் திரும்பும். அதற்கு மூன்று டெஸ்ட்டுகள்: காலி, நிறைவு, திருப்பம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தபோது ஒரு மாணவியின் திரையில் இந்த வார்னிங் வந்தது: கெடிலம்_டெஸ்ட்.சி, வரி 48, எழுத்து 13, 'கெடிலம்_ரேப்_டெஸ்ட்' வரையறுக்கப்பட்டும் பயன்படுத்தப்படவில்லை.

"அண்ணா, இந்த ஃபங்ஷன் வேண்டாம்னு சொல்லுது. அழிச்சிடட்டுமா?"

"அழிக்காதம்மா. கீழ இருக்கிற லிஸ்டைப் பாரு."

பட்டியலில் 'காலி' இரண்டு தடவை இருந்தது. காப்பி செய்து ஒட்டியபோது பெயரை மாற்ற விட்டுப்போயிருக்கிறது. முடிவில் மூன்று டெஸ்ட்டும் பாஸ் என்று வந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. திருப்பத்தைச் சோதிக்கும் ஃபங்ஷன் ஒரு தடவைகூட ஓடியதில்லை. பட்டியலைத் திருத்தி ஓட்டியதும் அது தோற்றது. தோற்க வேண்டியதுதான்: பஃபர் நிறைந்ததும் இடத்தைச் சுழியமாக்கும் ஒப்பீட்டில் 'சமம்' இருக்க வேண்டிய இடத்தில் 'அதைவிடப் பெரியது' இருந்தது. அந்த ஃபங்ஷனை அழித்திருந்தாலோ, மேபி_அன்யூஸ்ட் என்ற குறியைப் போட்டு வார்னிங்கை அடக்கியிருந்தாலோ அந்தப் பிழை அப்படியே தங்கியிருக்கும்.

ஆக, பயன்படுத்தாத ஃபங்ஷன் என்று டெஸ்ட் கோப்பில் வார்னிங் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கேஸ் பட்டியல். அங்கே விட்டுப்போயிருந்தால் சேருங்கள். பட்டியல் சரியாக இருந்து, அந்த ஃபங்ஷன் ஏதோ ஒரு கான்ஃபிக் இருந்தால் மட்டுமே தேவைப்படும் உதவி ஃபங்ஷன் என்றால், அதையும் அதே நிபந்தனைக்குள் கொண்டுபோங்கள். மேபி_அன்யூஸ்ட் வேறு வழியே இல்லாதபோதுதான்.

வேரியபிளிலும் இதே கதை. மாறியை அறிவிக்கும் வரியிலேயே ஒரு ஃபங்ஷனின் விடையை அதில் வாங்கிவிட்டு அப்புறம் தொடவே இல்லை என்றால் சாதாரண பில்ட்டிலேயே வார்னிங் வந்துவிடும். முதலில் அறிவித்து, அடுத்த வரியில் மதிப்பை வாங்கினால் அது வேறு வகை; டபிள்யூ=1 கொடுத்தால்தான் தெரியும். டெஸ்ட்டில் 'ரெட்' என்ற மாறி இப்படி அநாதையாகக் கிடந்தால், பெரும்பாலும் ஒரு எக்ஸ்பெக்ட் வரி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். மாறியை நீக்குவது சுலபம். ஆனால் எழுதியவர் எதைச் சரிபார்க்க நினைத்தார் என்று யோசித்து அந்த எக்ஸ்பெக்ட் வரியைச் சேர்ப்பதுதான் திருத்தம்.

இந்த அநாதை மாறி எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வழக்கமான காரணம் உண்டு. கேஎஸ்டிஆர்டுஇன்ட் போன்ற ஃபங்ஷன்களின் விடையைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று கெர்னல் குறித்து வைத்திருக்கிறது. பார்க்காவிட்டால் வார்னிங். முன்னால் வாய்ட் காஸ்ட் போட்டாலும் ஜிசிசி விடாது. உடனே ஒரு 'ரெட்' மாறியில் வாங்கிப் போட்டுவிடுவார்கள். ஒரு வார்னிங் அடங்கி, டபிள்யூ=1-ல் இன்னொன்று முளைக்கும்.

வகை 2: ஃபார்மட் குறி பொருந்தவில்லை

எக்ஸ்பெக்ட் மேக்ரோக்களில் எம்எஸ்ஜி என்று முடிபவை, டெஸ்ட் தோற்றால் காட்ட வேண்டிய செய்தியையும் வாங்கிக்கொள்ளும். அந்தச் செய்தி பிரின்ட்எஃப் பாணியில் இருக்கும். பல வருடம் இந்த மேக்ரோக்களில் ஃபார்மட்டைச் சரிபார்க்கச் சொல்லும் குறி இல்லாமலே இருந்தது. 2024-ல் வந்த 6.9 பதிப்பில் கேயூனிட்டின் பராமரிப்பாளர்களில் ஒருவரான டேவிட் கவ் அதைச் சேர்த்தார். சேர்க்கப்போனபோது ஆர்டிசி, நேரம், கட்டளை வரி, மெம்காப்பி, நெட்வொர்க், டிஆர்எம் என்று பல இடங்களின் டெஸ்ட்டுகளில் தவறான குறிகள் இருப்பது தெரிந்து, அவற்றையும் திருத்த வேண்டியிருந்தது. இத்தனை காலம் யார் கண்ணிலும் படாததற்குக் காரணம், டெஸ்ட் தோற்றால்தான் அந்தச் செய்தி அச்சாகும். தோற்கும் நாளில், உதவி தேவைப்படும் அந்த நேரத்தில், செய்தி தப்பான எண்ணைக் காட்டும்.

திருத்தும்போது மாறியின் வகையைப் பார்த்துக் குறியைப் போடுங்கள். குறிக்கு ஏற்ப மாறியைக் காஸ்ட் செய்யாதீர்கள். அடிக்கடி வருபவை இவை:

சைஸ்_டி வகைக்கும் சைஸ்ஆஃப் விடைக்கும் %இசட்யூ. எதிர்மறை எண்ணையும் ஏற்கும் (சைன்ட்) எஸ்சைஸ்_டி-க்கு %இசட்டி.
யூ64-க்கு %எல்எல்யூ, எஸ்64-க்கு %எல்எல்டி.
இரண்டு பாயின்டர்களின் வித்தியாசத்துக்கு %டிடி.
பிடிஆர்_எர் விடைக்கு %எல்டி. பிழைப் பாயின்டரையே கொடுப்பதானால் %பிஈ இன்னும் நல்லது. பிழையின் எண்ணுக்குப் பதில், கான்ஃபிக் இடம் கொடுத்தால், பெயரைக் காட்டும்.
ஃபிஸ்_அட்டர்_டி-க்கு %பிஏ. இதற்கு மாறியை அல்ல, மாறியின் முகவரியைக் கொடுக்க வேண்டும்.

32 பிட் பில்ட் ஏன் வேண்டும் என்பது இங்கே புரியும். சைஸ்_டி-க்கு %எல்யூ போட்டால் 64 பிட்டில் கம்பைலர் ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் அங்கே இரண்டும் ஒரே வகை. 32 பிட்டில் சைஸ்_டி வெறும் அன்சைன்ட் இன்ட் ஆகிவிடும், வார்னிங் வந்துவிடும். உங்கள் லேப்டாப்பில் சத்தமே இல்லாமல் கம்பைலான பேட்ச், அடுத்த நாள் இன்டெலின் கெர்னல் டெஸ்ட் ரோபோவிடமிருந்து மெயிலாகத் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

வகை 3: தேவையில்லாத காஸ்ட்

பழைய டெஸ்ட்டுகளில் எக்ஸ்பெக்ட்_ஈக்யூ-வுக்குள் நிறைய காஸ்ட் கிடக்கும். முன்பு அந்த மேக்ரோ இரண்டு பக்கமும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்று கறாராக இருந்தது. இல்லாவிட்டால் 'வேறுபட்ட பாயின்டர் வகைகளின் ஒப்பீடு' என்று சம்பந்தமில்லாத மாதிரி ஒரு வார்னிங் தரும். 2021-ல் 5.14 பதிப்பில் அந்தக் கறாரை எடுத்துவிட்டார்கள். ஆகவே அந்த வார்னிங்குக்காகவே போட்ட காஸ்ட்டுகளை இப்போது நீக்கலாம், நீக்கவும் வேண்டும்.

காரணம் இது. யூ64 வகை விடை ஒன்றை இன்ட் ஆகக் காஸ்ட் செய்து 5-உடன் ஒப்பிடுகிறீர்கள். கோடில் பிழை இருந்து விடை 4294967301 என்று வருகிறது. இன்ட் ஆக வெட்டினால் மேல் 32 பிட் போய், மீதம் 5. டெஸ்ட் பாஸ்.

இதோடு ஒட்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சாதாரண பில்ட்டில் கம்பைலர் இதைச் சொல்லாது. சைஸ்_டி வகை நீளத்தை 'சுழியத்துக்குச் சமம் அல்லது பெரியது' என்று சோதிக்கும் வரி என்றைக்கும் தோற்காது, அன்சைன்ட் எண் சுழியத்துக்குக் கீழே போகாது. வார்னிங் திருத்த ஒரு கோப்பைத் திறந்தால் இப்படிப்பட்ட வரிகளையும் தேடிப் பாருங்கள். சரங்களை எக்ஸ்பெக்ட்_ஈக்யூ-வில் ஒப்பிட்டிருந்தால் அது முகவரியைத்தான் ஒப்பிடும். எஸ்டிஆர்ஈக்யூ என்று முடியும் மேக்ரோவை வையுங்கள்.

வகை 4: முன்னறிவிப்பு இல்லாத ஃபங்ஷன்

'முந்தைய புரோட்டோடைப் இல்லை' என்ற வார்னிங் 2024-ல் வந்த 6.8 பதிப்பிலிருந்து சாதாரண பில்ட்டிலேயே வருகிறது. டெஸ்ட் கோப்புக்குள் மட்டும் பயன்படும் ஃபங்ஷன் என்றால் முன்னால் ஸ்டாட்டிக் போட்டால் முடிந்தது. போட்ட பிறகு 'பயன்படுத்தவில்லை' என்று மாறினால் வகை 1-க்குத் திரும்பிப் போங்கள்.

கொஞ்சம் யோசிக்க வேண்டியது, டெஸ்ட்டுக்காகத் திறந்துவிடப்பட்ட ஃபங்ஷன்கள். அசல் கோப்பில் ஸ்டாட்டிக்காக இருப்பதை டெஸ்ட்டுக்கு மட்டும் வெளியே காட்ட விசிபிள்_இஃப்_கேயூனிட் என்ற மேக்ரோ உண்டு. கேயூனிட் இயங்கும் கான்ஃபிக்கில் அந்த ஃபங்ஷன் ஸ்டாட்டிக் இல்லை, அணைத்தால் ஸ்டாட்டிக். எனவே ஹெடரில் அதன் அறிவிப்பு வேண்டும், அந்த அறிவிப்பும் கேயூனிட் இயங்கும் நிபந்தனைக்குள் மட்டும் இருக்க வேண்டும். திருத்திய பிறகு கேயூனிட்டை அணைத்தும் ஒரு தடவை கம்பைல் செய்து பாருங்கள். டெஸ்ட் மாட்யூலாகவும் கம்பைலாகும் என்றால், அந்த ஃபங்ஷனை ஏற்றுமதி செய்யும் இஃப்_கேயூனிட் மேக்ரோவும் டெஸ்ட் பக்கம் நேம்ஸ்பேஸ் இறக்குமதி வரியும் தேவை. அந்த வரியில் நேம்ஸ்பேஸ் பெயரை மேற்கோளுக்குள் எழுதுவது 6.13 பதிப்பிலிருந்து வந்த மாற்றம். பழைய உதாரணத்தைப் பார்த்து எழுதினால் அங்கே இடறும்.

வகை 5: ஸ்டாக் பெரிதாகிவிட்டது

'ஃபிரேம் அளவு 2048 பைட்டுக்கு மேல்' என்று வரும் வார்னிங். 64 பிட்டில் இயல்பான வரம்பு 2048, 32 பிட்டில் அதைவிடக் குறைவு. கெர்னலின் ஸ்டாக் சிறியது, அதனால் இந்தக் கட்டுப்பாடு.

டெஸ்ட் ஃபங்ஷன்களில் இது அதிகம் வர ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு எக்ஸ்பெக்ட்டும் தோல்வி விவரத்துக்காக ஸ்டாக்கில் கொஞ்சம் இடம் கேட்கும். ஒரே ஃபங்ஷனில் அறுபது எழுபது எக்ஸ்பெக்ட் வரிசையாக இருந்து, கம்பைலர் அந்த இடங்களைத் திரும்பப் பயன்படுத்தாவிட்டால் அளவு எகிறும். முன்பு இருந்த ஸ்ட்ரக்ட்லீக் என்ற ஜிசிசி பிளகின் இயங்கினால் இன்னும் மோசமாக இருந்தது. 2021-ல் தண்டர்போல்ட், ஐஐஓ உள்ளிட்ட சில டெஸ்ட்டுகளுக்கு மட்டும் அந்தப் பிளகினை மேக்ஃபைலில் அணைத்தது இதற்காகத்தான்.

முதலில் ஃபங்ஷனுக்குள் பெரிய ஸ்ட்ரக்ட்டோ அரேயோ உள்ளூர் மாறியாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கேயூனிட்_கேஇசட்அலாக் மூலம் ஒதுக்கி, அடுத்த வரியிலேயே அசர்ட்_நாட்_நல் போடுங்கள். எக்ஸ்பெக்ட் இங்கே போதாது. நினைவகம் கிடைக்காவிட்டால் அடுத்த வரி நல் பாயின்டரில் போய் விழும். இப்படி ஒதுக்கியது டெஸ்ட் முடிந்ததும் தானாக விடுவிக்கப்படும், நீங்கள் கேஃப்ரீ போட்டால் இரண்டு தடவை விடுவித்ததாகிவிடும். பெரிய மாறி எதுவும் இல்லையென்றால் டெஸ்ட்டைப் பிரித்து இரண்டு மூன்று ஃபங்ஷனாக்குங்கள். தோற்கும்போது எது தோற்றது என்பதும் தெளிவாகத் தெரியும். வரம்பை ஏற்றுவதை மட்டும் செய்யாதீர்கள்.

வகை 6: வேண்டுமென்றே செய்த தவறு

சில டெஸ்ட்டுகளின் வேலையே தவறு செய்வதுதான். நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசனின் டெஸ்ட், பஃபருக்கு வெளியே எழுதும், விடுவித்த இடத்தைப் படிக்கும். கேசன் அதைப் பிடிக்கிறதா என்பதுதான் சோதனை. இன்றைய கம்பைலர்கள் அந்தத் தவறைக் கம்பைல் நேரத்திலேயே பார்த்துவிட்டு வார்னிங் தரும். இங்கே 'தவறைத் திருத்தினால்' டெஸ்ட்டே போய்விடும்.

கேசன் டெஸ்ட்டுகள் இதற்கு ஆப்டிமைசர்_ஹைட்_வார் என்ற மேக்ரோவைப் பயன்படுத்துகின்றன. மாறியின் மதிப்பு என்னவென்று கம்பைலர் ஊகிக்க முடியாதபடி அது மறைத்துவிடும். வார்னிங் நிற்கும், தவறு ஓடும் நேரத்தில் நடக்கும். முதலில் இதை முயலுங்கள். இது ஒத்துவராத இடத்தில், மேக்ஃபைலில் அந்த ஒரு ஆப்ஜெக்ட் கோப்புக்கு மட்டும் அந்த ஒரு வார்னிங்கை அணைக்கலாம். லிப் அடைவில் உள்ள ஓவர்ஃப்ளோ, ஃபார்ட்டிஃபை டெஸ்ட்டுகளுக்கு அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சிசி-டிசேபிள்-வார்னிங் என்ற உதவியைப் பயன்படுத்தினால் அந்தக் கொடியை அறியாத கம்பைலரில் பிரச்சினை வராது. ஏன் அணைக்கிறோம் என்று ஒரு வரிக் குறிப்பு எழுதாமல் விடாதீர்கள். அடுத்து வருபவர் நல்லெண்ணத்தோடு அந்த வரியை நீக்கிவிடுவார்.

வகை 7: ஃபங்ஷன் பாயின்டர் காஸ்ட்

டெஸ்ட் முடிந்ததும் சுத்தம் செய்ய கேயூனிட்_ஆட்_ஆக்‌ஷன் என்பதற்கு ஒரு ஃபங்ஷனைக் கொடுப்போம். அது வாய்ட் பாயின்டரை வாங்கும் ஃபங்ஷனாக இருக்க வேண்டும். கையில் இருப்பதோ ஒரு ஸ்ட்ரக்ட் பாயின்டரை வாங்குவது. காஸ்ட் செய்து கொடுத்தால் ஜிசிசி பேசாமல் இருக்கும்; கிளாங் வார்னிங் தரும். இதை அலட்சியம் செய்யாதீர்கள், ஃபங்ஷன் பாயின்டரின் வகையை ஓடும்போதே சரிபார்க்கும் கேசிஎஃப்ஐ பாதுகாப்பு இயங்கும் கெர்னலில் இந்தக் காஸ்ட் ஓடும்போதே விழுந்துவிடும். 6.8 பதிப்பிலிருந்து கேயூனிட்_டிஃபைன்_ஆக்‌ஷன்_ரேப்பர் என்ற மேக்ரோ உண்டு. அது சரியான வகையில் ஒரு சின்ன ஃபங்ஷனை உருவாக்கித் தரும், அதைக் கொடுங்கள்.

மாட்யூல்_டிஸ்கிரிப்ஷன் இல்லை என்ற வார்னிங்குக்கு ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் அந்த வரியில் 'கேயூனிட் டெஸ்ட்' என்று மட்டும் எழுதாமல், எதற்கான டெஸ்ட் என்று எழுதுங்கள்.

திருத்தியது சரியா என்று பார்த்தல்

மூன்று பில்ட்டும் சுத்தமாக வந்துவிட்டது, டெஸ்ட் பாஸ் ஆகிறது. இன்னும் ஒரு வேலை பாக்கி: டெஸ்ட்டைத் தோற்கடித்துப் பார்ப்பது. எதிர்பார்க்கும் மதிப்பை மாற்றி ஓட்டுங்கள். தோற்க வேண்டும், செய்தியில் சரியான எண்கள் வர வேண்டும். பிறகு மதிப்பைப் பழையபடி வைத்து, அசல் கோடில் ஒரு சின்னப் பிழையை நுழைத்துப் பாருங்கள். அப்போதும் தோற்க வேண்டும். இரண்டிலும் தோற்றால்தான் உங்கள் திருத்தம் டெஸ்ட்டைக் கெடுக்கவில்லை என்று நம்பலாம். நுழைத்த பிழையை எடுத்துவிட்டீர்களா என்று கிட் டிஃப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். டெஸ்ட்டுகளின் மொத்த எண்ணிக்கை திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கிறதா, மாறியிருந்தால் நீங்கள் எதிர்பார்த்த மாற்றமா என்பதையும் பாருங்கள்.

பேட்ச் எழுதி அனுப்புதல்

ஒரு பேட்ச்சில் ஒரு வகைத் திருத்தம். தலைப்பில் துணை அமைப்பின் பெயர், டெஸ்ட் என்ற சொல், என்ன செய்தீர்கள் என்பது. அந்த அடைவின் பழைய கமிட் தலைப்புகளைப் பார்த்து அதே பாணியில் எழுதுங்கள். உள்ளே வார்னிங்கை அப்படியே ஒட்டுங்கள். அந்த வரியை மட்டும் மடித்து உடைக்க வேண்டாம், தேடுபவருக்குக் கிடைக்காது. எந்தக் கம்பைலர், எந்த ஆர்க்கிடெக்சர், டபிள்யூ=1 வேண்டுமா என்று சொல்லுங்கள். அப்புறம் ஏன் வந்தது, ஏன் இந்தத் திருத்தம் என்று இரண்டு மூன்று வாக்கியம். 'வார்னிங்கைச் சரிசெய்தேன்' என்று மட்டும் இருக்கும் பேட்ச்சைப் பராமரிப்பாளர்கள் விரும்புவதில்லை, அதில் நியாயம் இருக்கிறது.

பிழையைக் கொண்டுவந்த கமிட் தெரிந்தால் ஃபிக்சஸ் என்ற வரியில் அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளும் தலைப்பும். ரோபோ சொல்லித் தெரிந்தது என்றால் ரிப்போர்ட்டட்-பை, குளோசஸ் வரிகள். ரோபோவின் மெயிலிலேயே அவை இருக்கும். கடைசியில் சைன்ட்-ஆஃப்-பை வரியில் உங்கள் பெயர். நம் ஊரில் இன்ஷியலோடு ஒற்றைப் பெயர்தான், அதைக் குடும்பப் பெயர் மாதிரி நீட்டி எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நீங்கள் வழக்கமாக எழுதும் பெயரை கிட் கான்ஃபிக்கில் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் போதும்.

ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள செக்பேட்ச்சை ஸ்ட்ரிக்ட் தேர்வோடு ஓட்டுங்கள். கெட்_மெயின்டெய்னர் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும். டெஸ்ட் எந்தத் துணை அமைப்பைச் சேர்ந்ததோ அதன் பராமரிப்பாளருக்குப் போக வேண்டும். கேயூனிட்டின் சொந்தக் கோடைத் தொட்டால் மட்டுமே அது ஷுவா கான் பராமரிக்கும் கேசெல்ஃப்டெஸ்ட் மரத்தின் வழியாகப் போகும். அனுப்புவது கிட் சென்ட்-இமெயிலில், வெறும் எழுத்தாக. கல்லூரி மெயில் முகவரி வேண்டாம். பல இடங்களில் அடியில் தானாக ஒரு ரகசியக் குறிப்பு ஒட்டிக்கொண்டு போகும், அப்படி வரும் பேட்ச்சை எடுக்க மாட்டார்கள். ஜிமெயில் என்றால் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, தனியாக ஒரு ஆப் பாஸ்வேர்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்களுக்கே ஒரு தடவை அனுப்பிப் பாருங்கள்.

பதில் வர ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். மெர்ஜ் விண்டோ என்னும் இரண்டு வாரத்தில் அனுப்பியிருந்தால் இன்னும் தாமதமாகும். திருத்தச் சொன்னால், சொன்னதற்கு அந்தந்த வரிக்குக் கீழேயே பதில் எழுதி, வி2 என்று புதிதாக அனுப்புங்கள். என்ன மாறியது என்பது மூன்று கோடுகளுக்குக் கீழே போக வேண்டும், கமிட் செய்திக்குள் அல்ல. ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்ததும் சில நாளில் லினக்ஸ்-நெக்ஸ்ட் மரத்தில் அது தெரியும். அதை இறக்கி, ஐ386-உம் கிளாங்கும் சேர்த்து இன்னொரு தடவை கம்பைல் செய்யுங்கள். வேறொருவரின் மாற்றத்தோடு சேரும்போது புதிதாக ஏதாவது கிளம்பினால், அந்த ஃபங்ஷனை அப்போது நன்றாகத் தெரிந்தவர் நீங்கள்தான். அடுத்த பேட்ச்சையும் நீங்களே அனுப்பிவிடலாம்.